‘இல்லை’ என்று சொன்னதை எழுதி வையுங்கள்: எல்லையோரக் கல்லூரி நூலகத்துக்கு நூல் சேர்க்கும் வழி

எங்கள் நூலகக் கவுண்டரில் ஒரு நாற்பது பக்க நோட்டு சணல் கயிற்றில் கட்டித் தொங்குகிறது. யாராவது ஒரு புத்தகத்தைக் கேட்டு, நாங்கள் ‘இல்லை’ என்று சொல்ல நேரும் ஒவ்வொரு முறையும் அதில் ஒரு வரி ஏறும். தேதி, கேட்ட புத்தகம் அல்லது கேட்ட விஷயம், எந்த மொழியில் வேண்டும், எந்த வகுப்பு. அவ்வளவுதான். பெயர் எழுதுவதில்லை. பெயர் எழுத ஆரம்பித்தால் பிள்ளைகள் கூச்சப்பட்டுக் கேட்பதையே நிறுத்திவிடுவார்கள்.

புதிதாக நூலகராகவோ உதவியாளராகவோ சேர்ந்தவர்களுக்கும், “உங்களுக்குத்தான் படிக்கப் பிடிக்குமே டீச்சர், நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்” என்று சொல்லி நூலகப் பொறுப்பு தலையில் கட்டப்பட்டவர்களுக்கும் இதை எழுதுகிறேன். என் தலையிலும் அப்படித்தான் கட்டினார்கள். எதை வாங்குவது, எதை விடுவது, எதைக் கழிப்பது என்பதை அந்த நோட்டும் நானும் சேர்ந்து பல ஆண்டுகளில் கற்றுக்கொண்டோம்.

இடத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். பாலக்காடு மாவட்டத்துச் சித்தூர் தாலுகா, கொழிஞ்சாம்பாறைப் பக்கம். கோபாலபுரம் சோதனைச்சாவடியைத் தாண்டினால் பொள்ளாச்சிச் சாலை. வேலந்தாவளத்தைத் தாண்டினால் கோவைச் சாலை. ஆந்திரத்திலும் ஒரு சித்தூர் இருக்கிறது என்பது இங்கே வெறும் பொது அறிவு அல்ல. ஒருமுறை எங்கள் பார்சல் ஒன்று அங்கே போய் ஒரு மாதம் ஊர் சுற்றிவிட்டுத் திரும்பியது. அதற்குப் பிறகு ஆணைக் கடிதத்தில் பின்கோடைச் சிவப்பு மையில் எழுதுகிறேன். 678 என்று தொடங்கினால் நாங்கள், 517 என்று தொடங்கினால் அவர்கள்.

வாசிப்பவர் யார் என்று எண்ணுங்கள்

சீர்காழியில் 1892-இல் பிறந்து, கணித ஆசிரியராக இருந்து, 1924-இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகராகப் பொறுப்பேற்ற எஸ்.ஆர். ரங்கநாதன் 1931-இல் நூலக இயலுக்கு ஐந்து விதிகளை வகுத்தார். அவற்றில் இரண்டு: ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்குரிய நூல், ஒவ்வொரு நூலுக்கும் அதற்குரிய வாசகர். நூலக இயல் படித்த எல்லாருக்கும் இது மனப்பாடம். ஆனால் பட்டியல் போட உட்காரும்போது இந்த இரண்டில் பின்னதை மறந்துவிடுகிறோம். ‘நல்ல புத்தகம்தானே’ என்று வாங்குகிறோம். யாருக்கு என்று கேட்பதில்லை.

அந்தக் கேள்விக்கு எல்லையோரத்தில் நேரான பதில் கிடைக்காது. எங்கள் மாணவி ஒருத்தி பஸ் கண்டக்டரிடம் மலையாளம் பேசுகிறாள், தோழியிடம் தமிழ் பேசுகிறாள், தேர்வை ஆங்கிலத்தில் எழுதுகிறாள். வீட்டில் தமிழ் பேசியும் தமிழ் எழுத்து தெரியாதவர்கள் இங்கே உண்டு. மலையாள வழியில் படித்தவர்கள். சரளமாக மலையாளம் பேசியும் மலையாளப் பத்திரிகையைப் படிக்கத் திணறுகிறவர்களும் உண்டு. தமிழ் வழியில் படித்தவர்கள்.

முதல் ஆண்டு நான் சேர்க்கை விண்ணப்பத்தில் இருந்த ‘தாய்மொழி’ என்ற கட்டத்தை நம்பினேன். தமிழ் என்று எழுதியவர்கள் நிறையப் பேர் இருந்தார்கள். பொருளியலுக்கும் வரலாற்றுக்கும் தமிழ் நூல்களாகப் பார்த்து வாங்கினேன். அவை அலமாரியில் புதுமை மாறாமல் இருந்தன. பிறகு விசாரித்தால், வரலாற்று வகுப்பில் தமிழ் என்று எழுதிய பெரும்பாலோர் படித்தது மலையாளப் பள்ளியில். தமிழ்ப் புத்தகத்துக்குத் தவித்துக்கொண்டிருந்ததோ வணிகவியல் வகுப்பு.

அதனால் ஜூலையில் முதலாண்டு மாணவர்கள் உறுப்பினர் அட்டை வாங்க வரும்போது ஒரு சிறு தாளில் இரண்டு கேள்விகள் கேளுங்கள். எந்த மொழியில் தடங்கல் இல்லாமல் படிப்பீர்கள்? ஆங்கிலப் பாடநூல் புரியாதபோது எந்த மொழியில் விளக்கம் தேடுவீர்கள்? தாய்மொழியைக் கேட்கவே வேண்டாம். இரண்டாவது கேள்வியின் பதில்தான் வாங்கும் பட்டியலைத் தீர்மானிக்கும்.

நோட்டைப் படிக்கும் முறை

மூன்று மாதம் நோட்டு நிரம்பட்டும். பிறகு ஓர் ஓய்வான மதியம் பென்சிலோடு உட்காருங்கள். எங்கள் நோட்டில் வரிகள் இப்படி இருக்கும்: ‘செலவுக் கணக்கியல், தமிழில், இரண்டாமாண்டு பி.காம்.’ அடுத்த நாள், ‘அதே, அதே வகுப்பு.’ ‘கேரள பி.எஸ்.சி. (அரசு வேலைத் தேர்வு) பழைய வினாத்தாள், தமிழ்.’ ‘பேய்க் கதை, எந்த மொழியானாலும்.’

ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில் ஓர் எழுத்துப் போடுங்கள். வாங்க வேண்டியது ‘வா’. நம்மிடம் இருந்தும் கிடைக்காமல் போனது ‘தே’, அதாவது தேட வேண்டியது. வேறு இடத்துக்கு அனுப்ப வேண்டியது ‘அ’. முதல் தடவை செய்தபோது ‘தே’ என்ற எழுத்து எத்தனை விழுந்தது என்று பார்த்து வெட்கப்பட்டேன். புத்தகம் வாங்கப் பணம் இல்லை என்று புலம்பிக்கொண்டிருந்தேன். பல புத்தகங்கள் தவறான தட்டில் உட்கார்ந்திருந்தன.

இதில் ஒரு வகை எல்லையோரத்துக்கே உரியது. நூல்களைப் பாடவாரியாக எண்ணிட்டு அடுக்கும் டூயி பகுப்பு முறையில் தமிழ் இலக்கியத்துக்கு 894.811, மலையாள இலக்கியத்துக்கு 894.812. மூல மொழி எதுவோ அந்த எண்தான் மொழிபெயர்ப்புக்கும். தகழியின் ‘செம்மீன்’ நாவலைச் சுந்தர ராமசாமி தமிழாக்கினார். தமிழில் அச்சான அந்தப் புத்தகம் விதிப்படி மலையாளத் தட்டுக்குப் போகும். தமிழ் படிக்கும் மாணவர் அந்தப் பக்கம் திரும்பியே பார்ப்பதில்லை. மலையாளம் படிப்பவருக்கு மூலமே இருக்கிறது, அவருக்கு இது எதற்கு? ஆக, வாங்கிய புத்தகம் வாசகரைச் சந்திக்காமலேயே இருந்தது. நாங்கள் எண்ணை மாற்றவில்லை. முதுகில் ஒரு மஞ்சள் ஒட்டுத்தாள் ஒட்டி, தமிழில் அச்சான மொழிபெயர்ப்புகளைத் தமிழ்ப் பகுதியில் தனித் தட்டாக வைத்தோம். கணினிப் பட்டியலில் இருப்பிடம் என்ற இடத்தில் ‘மஞ்சள் தட்டு’ என்று குறித்தோம். பகுப்பு இயல் பேராசிரியர் பார்த்தால் முகம் சுளிப்பார். புத்தகம் நகர்கிறது, அது போதும்.

இரண்டு பக்கக் கொள்கை

நூல் சேர்ப்புக் கொள்கை என்றால் ஐம்பது பக்க ஆவணம் என்று பயப்பட வேண்டாம். கல்லூரியின் தரத்தை மதிப்பிடும் நாக் குழு வரும்போது மட்டும் வெளியே எடுக்கும் தடித்த கோப்பால் ஒருவருக்கும் பயனில்லை. இரண்டு பக்கம் போதும். ஆனால் நூலகக் குழுவில் வைத்து, முதல்வர் கையெழுத்து வாங்கி, கவுண்டருக்குப் பின்னால் ஒட்டுங்கள்.

அதில் என்ன இருக்க வேண்டும் என்றால், எந்தத் துறைக்கு எவ்வளவு ஆழம் என்பது முதலில். இளங்கலை மட்டும் உள்ள துறைக்குப் பாடநூலும் மேற்கோள் நூலும் போதும். முதுகலையும் ஆய்வும் உள்ள துறைக்கு மூல நூல்களும் ஆய்விதழ்களும் வேண்டும். அடுத்து மொழி. எங்கள் கொள்கையில் இந்த வாக்கியம் உண்டு: ‘ஒரு பாடத்துக்கு ஆங்கில நூல் வாங்கும்போது அதே பாடத்துக்குத் தமிழிலும் மலையாளத்திலும் தரமான நூல் இருக்கிறதா என்று பார்த்த பிறகே ஆணை தரப்படும்.’ பிறகு, யார் பரிந்துரைக்கலாம், யார் முடிவு செய்வார், நன்கொடையை எப்படி ஏற்போம், எதைக் கழிப்போம்.

எதை வாங்க மாட்டோம் என்பதையும் எழுதுங்கள். இதுதான் உங்களைக் காப்பாற்றும் பகுதி. யாராவது தம் நண்பர் எழுதிய கவிதைத் தொகுப்பில் ஐம்பது பிரதி எடுக்கச் சொன்னால், “நான் மாட்டேன் சார்” என்று சொல்ல முடியாது. “கொள்கையின் ஆறாவது பத்தியில் ஒரு பொது நூலுக்கு இரண்டு பிரதி என்று இருக்கிறது சார், நீங்களும் அந்தக் கூட்டத்தில் இருந்தீர்கள்” என்று சொல்லலாம். இதைச் சொல்லும்போது சிரித்துக்கொண்டே சொல்ல வேண்டும்.

பணத்தைப் பிரிப்பது

எல்லாத் துறைக்கும் சமமாகப் பிரித்துவிட்டால் சண்டை வராது. அதனாலேயே பல கல்லூரிகளில் அப்படிச் செய்கிறார்கள். அது நியாயம் மாதிரித் தெரியும், ஆனால் நியாயம் இல்லை. வேதியியல் நூல் ஒன்றின் விலையில் தமிழ் நாவல் நாலைந்து வாங்கலாம். ஒரு துறையில் இருநூறு மாணவர்கள், இன்னொன்றில் நாற்பது.

ஒரு லட்சம் ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். நான் பிரிக்கும் முறை இது. அறுபதாயிரத்தை மாணவர் எண்ணிக்கை, நூலின் சராசரி விலை, போன ஆண்டு இரவல் போன கணக்கு மூன்றையும் பார்த்துத் துறைகளுக்குப் பிரிப்பேன். இருபதாயிரம் பொது வாசிப்புக்கும் போட்டித் தேர்வுக்கும் பத்திரிகைகளுக்கும். மீதி இருபதாயிரத்தை எந்தத் துறைக்கும் சொல்லாமல் ‘இல்லை’ நோட்டுக்கு ஒதுக்கி வைப்பேன். இந்தக் கடைசித் தொகையைப் பல்லைக் கடித்துக் காப்பாற்றுங்கள். டிசம்பரில் எல்லாரும் அதன்மேல் கண் வைப்பார்கள்.

அச்சுப் புத்தகத்துக்கு ஜி.எஸ்.டி. கிடையாது, பில்லில் வரி போட்டிருந்தால் திருப்பி அனுப்புங்கள். மின்னூலுக்கு வரி உண்டு. விலைப்புள்ளி கேட்கும்போது விலைக் கழிவை மட்டும் பார்த்து மயங்க வேண்டாம். கழிவு அதிகம் தருகிறவர் பழைய பதிப்பைத் தள்ளிவிடுகிறாரா என்று பாருங்கள். ஆணையில் ஐ.எஸ்.பி.என். எண்ணையும் பதிப்பு ஆண்டையும் எழுதினால் இந்த விளையாட்டு நடக்காது. 2007 முதல் இந்த எண் 13 இலக்கம். இந்திய நூல்களுக்குப் பெரும்பாலும் 978-81 அல்லது 978-93 என்று தொடங்கும். நல்ல தமிழ் நூல்கள் பலவற்றில் இந்த எண்ணே இருக்காது. அப்போது பதிப்பகம், ஆண்டு, பக்கம் மூன்றையும் எழுதுங்கள்.

மார்ச் கடைசியில் மட்டும் வாங்காதீர்கள். நிதியாண்டு முடியப்போகிறது, பணம் திரும்பிப் போய்விடும் என்ற அவசரத்தில் வாங்கிய புத்தகங்களை எங்கள் அலமாரியில் தொலைவிலிருந்தே அடையாளம் காட்டுவேன். எல்லாம் ஒரே அளவு, ஒரே நிறம், ஒரே விற்பனையாளர்.

பட்டியல் எங்கிருந்து வருகிறது

பாடத்திட்டம்தான் முதல். கேரளத்தில் 2024-இல் நான்காண்டு இளங்கலைப் படிப்பு தொடங்கியபோது பழைய பாடநூல்களில் கணிசமானவை ஒரே இரவில் துணைநூல்களாகிவிட்டன. பல்கலைக்கழகம் புதிய பாடத்திட்டம் வெளியிட்டதும் ‘கட்டாயம் படிக்க வேண்டியவை’, ‘மேலும் படிக்க’ என்ற இரண்டு பட்டியல்களையும் எடுங்கள். முதல் பட்டியலில் உள்ளதற்குப் பிரதிகள் வேண்டும். இரண்டாவதில் ஒன்று போதும். சிலவற்றுக்கு அந்த ஒன்றுகூட வேண்டாம். அச்சில் இல்லாமல் போன நூல்களைப் பாடத்திட்டக் குழுக்கள் பழைய பட்டியலிலிருந்து அப்படியே எடுத்துப் போடுவது உண்டு. அவற்றைத் தேடி நாட்களைக் கழிக்காமல், அந்த ஆசிரியரிடமே “இதற்குப் பதில் என்ன வாங்கலாம்?” என்று கேளுங்கள்.

ஆசிரியர் பரிந்துரைக்கு ஒரு படிவம் வையுங்கள். அதில் ஒரே ஒரு கூடுதல் கேள்வி: ‘இதை எந்த வகுப்புக்கு, எந்த மாதம் பயன்படுத்துவீர்கள்?’ இந்தக் கேள்விக்குப் பதில் எழுதிய ஆசிரியர் கேட்டதைக் கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம்.

கையில் எடுத்துப் பார்க்காமல் பொது நூல்களை வாங்காதீர்கள் என்பேன். ஈரோட்டிலும் கோவையிலும் புத்தகத் திருவிழாக்கள் நடக்கின்றன; எங்களுக்கு அவை திருவனந்தபுரத்தைவிடப் பக்கம். மாணவர் இருவரைக் கூட அழைத்துப் போங்கள். நான் தேர்ந்தெடுத்ததைவிட அவர்கள் தேர்ந்தெடுத்தது அதிகம் இரவல் போகிறது. இதை ஒப்புக்கொள்ளக் கொஞ்சம் நாளாயிற்று.

ஒரு புத்தகத்தைக் கையில் வாங்கியதும் என்ன பார்ப்பேன்? நாட்டுடைமையாக்கப்பட்ட ஒரு பழைய நாவல் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரே நாவலைப் பத்துப் பதிப்பகங்கள் போட்டிருக்கும்; விலை வெவ்வேறு. மலிவானதை எடுத்து நடுவில் விரிக்கிறேன். ‘ர’கரமும் ‘ற’கரமும் இடம் மாறிக் கிடந்தால் கீழே வைத்துவிடுவேன். முன்பக்கத்தில் முதற்பதிப்பு ஆண்டு இருக்கிறதா, எந்தப் பதிப்பைப் பார்த்து அச்சிட்டார்கள் என்று சொல்லியிருக்கிறார்களா? மொழிபெயர்ப்பு என்றால் மொழிபெயர்த்தவர் பெயர் இருக்கிறதா? பெயர் போடக் கூச்சப்படும் மொழிபெயர்ப்பை நான் வாங்குவதில்லை. பிறகு, முதுகைப் பிடித்து மெல்ல வளைத்துப் பார்ப்பேன். பசை மட்டும் தடவிய கட்டு இரண்டு பருவத்தில் இலை இலையாக உதிரும். தையல் போட்டது இருபது ரூபாய் கூட இருந்தாலும் தையலே லாபம்.

கடைசியாக, நம்மிடம் ஏற்கெனவே இருக்கிறதா? நூலகப் பட்டியலை வைத்திருக்கும் கோஹா மென்பொருளில் தேடும்போது ஒரே எழுத்துக்கூட்டலோடு நிறுத்தாதீர்கள். ராமசாமி, ராமஸ்வாமி, இராமசாமி மூன்றையும் தேடுங்கள். இதைச் செய்யாமல் ஒரே அகராதியை மூன்று தடவை வாங்கிய பெருமை எனக்கு உண்டு. இப்போது ஆசிரியர் பெயருக்கு ஒரே வடிவத்தை நிலையாக வைத்து, மற்றவற்றை அதனோடு இணைத்திருக்கிறோம்.

நோட்ஸ், வினா-விடைக் கையேடுகள் வாங்கலாமா என்று புதியவர்கள் எல்லாரும் கேட்பார்கள். கூடாது என்று பலர் சொல்வார்கள். நான் வாங்குகிறேன், ஒவ்வொன்றிலும் இரண்டு, நூலகத்தில் உட்கார்ந்து படிக்க மட்டும். மலையோரத்திலிருந்து வரும் முதல் தலைமுறை மாணவருக்கு வினா-விடைதான் பாடநூலுக்கு ஏறும் படி. படியைப் பிடுங்கிவிட்டு மாடிக்கு வரச் சொல்வது எனக்குச் சம்மதமில்லை.

யாரும் பரிந்துரைக்காதவை

பாடத்திட்டமும் ஆசிரியர்களும் நோட்டும்கூடக் கேட்காத ஒரு பகுதி இருக்கிறது: உங்கள் ஊர். அதை நீங்களாகத்தான் சேர்க்க வேண்டும்.

இந்தச் சித்தூர் ஒரு காலத்தில் கொச்சி சமஸ்தானத்தின் பகுதி. பக்கத்துப் பாலக்காடோ சென்னை மாகாணத்து மலபார் மாவட்டத்தில் இருந்தது. 1956-இல் கேரளம் உருவானபோது இரண்டும் ஒன்றாயின. அதனால் ஒரே குடும்பத்தின் நிலக் கதையைத் தேடும் மாணவர் இரண்டு வெவ்வேறு அரசுகளின் ஆவணங்களைத் தேட வேண்டியிருக்கிறது. சித்தூர் பகவதி கோயிலில் கொங்கன் படைத் திருவிழா ஆண்டுதோறும் நடக்கிறது; கொங்கு நாட்டுப் படையை வென்ற நினைவு. அதைப் பார்க்கும் கூட்டத்தில் பாதிப் பேரின் தாத்தா பாட்டி கொங்கு நாட்டிலிருந்து வந்தவர்கள் என்பது இந்த மண்ணின் குறும்பு. மலையாளக் கவி துஞ்சத்து எழுத்தச்சன் கடைசிக் காலத்தைக் கழித்த குருமடம் இங்கே இருக்கிறது. இரவாளர் பழங்குடியினர் இந்தத் தாலுகாவில் வாழ்கிறார்கள். ஆழியாற்றுத் தண்ணீர் வராவிட்டால் இங்கே நெல் இல்லை. தமிழ்நாட்டுக்கும் கேரளத்துக்கும் இடையிலான பரம்பிக்குளம்-ஆழியாறு ஒப்பந்தம் 1970-இல் கையெழுத்தானது, அதன்படி ஆண்டுக்கு 7.25 டி.எம்.சி. மணக்கடவு அணை வழியாகச் சித்தூருக்கு வர வேண்டும். ஒவ்வொரு கோடையிலும் இந்த எண்ணைச் சொல்லித்தான் மறியல் நடக்கிறது.

இவற்றைப் பற்றிக் கடையில் கிடைக்கும் புத்தகம் குறைவு. கிடைப்பதெல்லாம் கோயில் விழா மலர், பாசன விவசாயிகள் சங்கத் துண்டறிக்கை, பள்ளி நூற்றாண்டு மலர், பஞ்சாயத்து வளர்ச்சி அறிக்கை, தேர்தல் நோட்டீஸ். அட்டை நீங்கலாக 49 பக்கமாவது இருந்தால்தான் புத்தகம் என்பது யுனெஸ்கோ கணக்கு. அதற்குக் கீழே சிறுவெளியீடு. நம் ஊரின் வரலாறு பெரும்பாலும் 49 பக்கத்துக்குக் கீழேதான் இருக்கிறது.

சேர்க்கும் முறை எளிது. துறைமுறை பார்க்காமல் ‘சித்தூர் பெட்டி’ என்று அமிலமில்லா அட்டைப்பெட்டி ஒன்று வையுங்கள். அது கிடைக்காவிட்டால் சுத்தமான வெள்ளைத்தாளில் பொதிந்து வையுங்கள். குண்டூசியையும் ஸ்டேப்ளர் பின்னையும் எடுத்துவிடுங்கள், நம் மழைக்குத் துரு பிடித்துக் காகிதத்தைத் தின்னும். ஒவ்வொன்றின் பின்னாலும் பென்சிலால் எங்கே, எப்போது, யாரிடமிருந்து கிடைத்தது என்று எழுதுங்கள். செலவு கிட்டத்தட்ட ஒன்றும் இல்லை. எங்கள் பெட்டியில் மூன்று மொழித் துண்டறிக்கைகளும் இருக்கின்றன. ஒரே தண்ணீர்ப் பிரச்சினைக்குத் தமிழ் நோட்டீஸ் ஒரு நியாயமும் மலையாள நோட்டீஸ் வேறொரு நியாயமும் சொல்லும். இரண்டையும் வைத்திருப்பதுதான் நம் வேலை. தீர்ப்புச் சொல்வது நம் வேலை இல்லை.

கணினியில் கிடைப்பவை

இதைச் சுருக்கமாகச் சொல்கிறேன், ஏனென்றால் இது அடிக்கடி மாறும். ‘ஒரே நாடு ஒரே சந்தா’ திட்டம் 2025 ஜனவரியில் தொடங்கியது. 30 பதிப்பாளர்களின் சுமார் 13,000 ஆய்விதழ்கள் அரசு உயர்கல்வி நிறுவனங்களுக்கு இதன் வழியாகக் கிடைக்கின்றன. உங்கள் கல்லூரி அதில் சேர்ந்திருக்கிறதா என்று பார்த்த பிறகே தனியாக எந்த இதழுக்கும் சந்தா கட்டுங்கள். தமிழுக்குத் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்நூலகமும், 1998 முதல் இயங்கும் தமிழ் மின்னூல் தொகுப்பான மதுரைத் திட்டமும் இலவசம். இந்தியச் சட்டப்படி ஆசிரியர் இறந்து 60 ஆண்டுகளுக்குப் பிறகு நூல் பொதுவுடைமை. எனவே பழைய நூல்களின் இணைப்பைப் பட்டியலில் சேர்த்துவிட்டால் அது ஒரு பைசா செலவில்லாத சேர்க்கை. ஆனால் கைப்பேசியில் நாவல் படிப்பார்கள் என்று நம்பி அச்சுப் பிரதியை நிறுத்திவிடாதீர்கள்.

நன்கொடை என்னும் அன்பு

ஓய்வு பெற்ற ஓர் ஆசிரியர் காலமான பிறகு அவர் வீட்டிலிருந்து பதினொரு மூட்டைப் புத்தகம் வந்தது. “அவர் இதையெல்லாம் உயிராக வைத்திருந்தார் டீச்சர், தனி அலமாரியில் அவர் பெயர் போட்டு வையுங்கள்” என்று அந்த அம்மா கண் கலங்கினார். நான் ஒன்றும் பேசாமல் தலையாட்டினேன். மூட்டைகளை நேராக உள்ளே கொண்டுபோய் தமிழ்ப் பகுதிக்குப் பக்கத்தில் வைத்தேன். ஓணம் விடுமுறை முடிந்து வந்து பார்த்தபோது சுவரோரமாக ஒரு மண்கோடு ஏறியிருந்தது. கரையான். மூட்டைகளில் பாதியும், எங்கள் கவிதைத் தட்டின் கீழ் வரிசையும் போயிற்று. அந்த அம்மாவிடம் இன்றுவரை முழுதாகச் சொல்லவில்லை.

அதற்குப் பிறகு எழுதிய விதிகள் இவை. நன்கொடை நூல்கள் முதல் இரண்டு வாரம் வெளி வராந்தாவில், தரையைத் தொடாமல், பிரித்துப் பரப்பி வைக்கப்படும். தருபவர் ஒரு கடிதத்தில் கையெழுத்திட வேண்டும்: எதைச் சேர்ப்பது, எதை வேறு நூலகத்துக்குத் தருவது, எதைக் கழிப்பது என்பது நூலகத்தின் முடிவு. தனி அலமாரி கிடையாது; சேர்க்கும் ஒவ்வொரு நூலின் உள்ளட்டையிலும் கொடுத்தவர் பெயர் ஒட்டப்படும். உள்ளட்டையில் பெயர் என்றதும் பெரும்பாலோர் சம்மதிக்கிறார்கள். நமக்கு வேண்டாத நல்ல புத்தகங்களை ஊர் வாசகசாலைக்குத் தந்துவிடுங்கள். கேரளத்தில் அதற்குக் குறைவே இல்லை.

கழிப்பதும் சேர்ப்பதில் ஒரு பகுதி

அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தில் நடந்து 1979-இல் வெளியான ஆய்வு ஒன்று நூலகர்களை உலுக்கியது. 1969-இல் வாங்கிய நூல்களில் ஏறத்தாழ நூற்றுக்கு நாற்பது, அடுத்த ஆறு ஆண்டுகளில் ஒருமுறைகூட இரவல் போகவில்லை. நம் நூலகத்தில் எண்ணிப் பார்க்கலாம். மனதைத் திடப்படுத்திக்கொண்டு எண்ணுங்கள்.

கழிக்கத் தொடங்கும்போது கணினி, வரி, சட்டம் மூன்றிலும் பழைய பதிப்புகளை எடுங்கள். பழைய வருமான வரி நூல் பயனற்றது மட்டும் இல்லை, தவறானதும்கூட. ஒரே நூலின் பல பிரதிகளில் இரண்டு நிறுத்தி மற்றவை போகலாம். இலக்கியத்தையும் வட்டார நூல்களையும் தொடாதீர்கள். பத்தாண்டு யாரும் எடுக்காத ஒரு கவிதை நூலைப் பதினோராம் ஆண்டு ஓர் ஆய்வு மாணவர் தேடி வருவார்.

தொலைந்த புத்தகத்துக்குத் தன் சம்பளத்தில் பிடித்துவிடுவார்கள் என்ற பயம் புதியவர்கள் எல்லாருக்கும் இருக்கிறது. அந்தப் பயத்தில் அலமாரியைப் பூட்டி வைப்பவர்களும் உண்டு. மத்திய அரசின் பொது நிதி விதிகள் 2017 என்ன சொல்கிறது என்று தெரிந்துகொள்ளுங்கள். ஆண்டில் இரவல் தந்த, அல்லது எடுத்துப் பார்த்த ஆயிரம் நூல்களுக்கு ஐந்து வரை தொலைவது இயல்பான இழப்பு, நேர்மைக் குறைவோ அலட்சியமோ காரணமாக இல்லாதவரை. ஆயிரம் ரூபாய்க்கு மேற்பட்ட நூலோ அரிய நூலோ தொலைந்தால் விசாரணை உண்டு. இருபதாயிரம் நூல் வரை உள்ள நூலகத்தில் ஆண்டுதோறும் முழு இருப்புச் சரிபார்ப்பு. மாநிலக் கல்லூரிகளுக்கு மாநில விதி பொருந்தும். கணக்குப் பிரிவில் கேட்டு, அதன் நகலை மேசைக் கண்ணாடிக்கு அடியில் வையுங்கள். கழித்த நூலின் சேர்க்கை எண்ணுக்கு நேரே பதிவேட்டில் ஆணை எண்ணையும் தேதியையும் எழுத மறக்காதீர்கள். எழுதாமல் விட்டால் அந்தப் புத்தகம் தணிக்கைக்கு வரும் ஒவ்வொருவர் கண்ணிலும் உயிர்த்தெழும்.

வந்ததைச் சொல்லுங்கள்

புத்தகம் வந்து, முத்திரை குத்தி, எண் போட்டு, தட்டில் வைத்ததும் வேலை முடிந்ததாகப் பலர் நினைக்கிறார்கள். நோட்டை எடுங்கள். அந்த வரிக்கு நேரே சிவப்பு மையில் ‘வந்தது’ என்று எழுதுங்கள். பெயர் இல்லாததால் கேட்டவரைக் கூப்பிட முடியாது, வகுப்பு தெரியும். ‘இரண்டாமாண்டு பி.காம். கேட்ட புத்தகம் வந்துவிட்டது’ என்று தகவல் பலகையில் எழுதுகிறோம்.

செலவுக் கணக்கியல் தமிழில் வந்த அன்று அப்படி எழுதிப் போட்டேன். மதியம் ஒரு மாணவி வந்து எடுத்துக்கொண்டாள். பக்கங்களைப் புரட்டிப் பார்த்துவிட்டு, தயங்கித் தயங்கி, “டீச்சர், இதற்கு வினா-விடை இருக்கிறதா?” என்று கேட்டாள். நோட்டை எடுத்தேன்.